காலணிக்குள் ஒரு கார்டு

அத்தியாயம் பதினொன்று

நவம்பர் முப்பது, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மான்சிக் வாசலில் குந்தி உட்கார்ந்து, வலது காலணிக்குள் கையை விட்டு உள்தோலைத் தூக்கிப் பார்த்தார். கார்டு பத்திரமாக இருந்தது.

மேலே போகுமுன் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து இன்று நள்ளிரவுக்குள் இந்தக் கார்டில் முப்பது லட்சம் வோன் செலவு காட்டினால், கடல் தாண்டிச் சப்போரோவுக்குப் போய்த் திரும்ப இரண்டு விமானச் சீட்டுக்கான மைல் புள்ளிகள் மொத்தமாக வந்து விழும். ஒரு வோன் குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. நேற்று வரை ஆனது இருபத்துமூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம். பாக்கி ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். கையிலிருக்கும் நாள் ஒன்று.

சப்போரோவில் மான்சிக்கின் ஒரே மகள் போமி ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாலு வருடமாகிறது. அவள் அம்மா யூசூன் மகளின் அறையைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறாள். விமானத்தில் ஏறியதே இல்லை. தன் தொடுகறிக் கடையை ஒரு நாள் மூடினாலும் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்பது அவள் வாதம். வருகிற பிப்ரவரியில் அவளுக்கு அறுபது நிறைகிறது. அன்று சீட்டைக் கையில் கொடுத்தால் அவளால் தட்ட முடியாது. மைலில் எடுத்த சீட்டு, யாருக்கும் விற்க முடியாது, போகாவிட்டால் வீண் என்று சொல்லிவிடலாம். வீண் என்ற சொல்லுக்கு மட்டும்தான் யூசூன் பயப்படுவாள்.

அப்படியென்றால் கார்டு ஏன் காலணிக்குள்?

போன வருடம் சினிமாவுக்குத் தள்ளுபடி தருகிற ஒரு கார்டை மான்சிக் வாங்கினார். பதினோரு மாதம் ஒரு படமும் பார்க்காமல் ஆண்டுக் கட்டணம் மட்டும் கட்டினார். யூசூன் அதை விருந்தாளிகள் முன்னால், கிம்ச்சி ஊறுகாய் நறுக்குகிற கத்தரிக்கோலாலேயே நாலாக வெட்டிப் போட்டாள். ஒரு துண்டு முள்ளங்கியோடு சேர்ந்து அவர் கிண்ணத்துக்கே வந்தது. இனி இந்த வீட்டில் ஒரே கார்டுதான் என்று அன்றைக்குச் சட்டமாயிற்று. ஆகவே இரண்டாவது கார்டு பாதத்துக்கு அடியில் போயிற்று.

இருபத்துமூன்று லட்சம் சேர்ந்த கதை தனி. முதலில் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணத்தை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே கட்டினார். பிறகுதான் கார்டு நிபந்தனையில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தார்: பராமரிப்புக் கட்டணம், வரி, பரிசுச் சீட்டு எதுவும் கணக்கில் சேராது. மிச்சமிருந்தது சாப்பாடு. ஐந்து பேர் சாப்பிட்டால் முழுப் பணத்தையும் தன் கார்டில் தேய்ப்பது, மற்ற நாலு பேர் அவரவர் பங்கைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவது என்று திட்டம்.

திட்டத்தில் குற்றமில்லை. குற்றமெல்லாம் அவருக்கு இருந்த பேரில்தான். முப்பது வருடமாகச் சாப்பாடு முடிந்ததும் காலணிக் கயிறு கட்டக் குனிந்து, மற்றவர்கள் பணம் கொடுத்து வெளியே போன பிறகே நிமிர்கிறவர் மான்சிக். எச்சில் கையால் காக்கா ஓட்டாத அந்த மனுஷர் முதல் ஆளாகக் கல்லாவுக்கு ஓடியதைப் பார்த்து, மலையேறும் கூட்டாளிகள் கைதட்டினார்கள். கைதட்டு வாங்கிய பிறகு பங்கு கேட்க யாருக்கு வாய் வரும்? அப்படியே ஏழு தடவை.

காலணிக்குள் காலை நுழைக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. போமியிடமிருந்து ஒரு வரி: ‘அப்பா, தனியா இருக்கறப்ப கூப்பிடுங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்.’ பின்னால் யூசூன் வருகிற சத்தம் கேட்டது. அவர் கைப்பேசியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

யூசூன் நல்ல கோட்டு அணிந்திருந்தாள். அவர் காலைப் பார்த்து, இன்றைக்கும் அந்தக் கயிறு வைத்த ஷூதானா என்று கேட்டாள். மச்சான் பிறந்தநாளுக்குப் பளபளப்பாகப் போக வேண்டாமா என்று அவர் சமாளித்தார். அவள் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

விருந்து யூசூனின் மூத்த அண்ணன் கில்யோங்குக்கு. எழுபது நிறைகிறது. அவர்கள் ஊரான நோன்சானிலிருந்து இருபது நிமிடத்தில் கங்க்யோங், ஆற்றங்கரையில் விலாங்கு மீன் சுடுகிற சாப்பாட்டுக்கடை. வாசலில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள், இருபத்தாறு பேர். இப்படிப்பட்ட விருந்துக்குப் பிள்ளைதான் பணம் கொடுக்க வேண்டும். கில்யோங்கின் பிள்ளை சோங்மின் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறவன், கணக்கு தெரிந்தவன். அவனிடம் பேசிவிட்டால் காரியம் முடிந்தது என்று மான்சிக் நினைத்தார்.

விலாங்கு அடுப்பில் ஏறும் நேரத்தில் அவனைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். பில் எவ்வளவு வரும் என்று கேட்டார். பதினாலு லட்சத்தைத் தாண்டும் என்றான்.

“அத நான் என் கார்டுல தேய்ச்சிடறேன். நீ அந்தப் பணத்த எனக்கு அனுப்பிடு.”

சோங்மின் கையைத் துடைப்பதை நிறுத்தினான். “எதுக்கு மாமா?”

“எதுக்குன்னு கேக்காத. அத்தைக்குத் தெரியக் கூடாது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஆகலேன்னா எல்லாம் போச்சு.”

“எல்லாம்னா?”

“ரெண்டு மாசமா பாடுபட்டதெல்லாம்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் கார்டைத் தேய்த்துக் கையில் பணமாக வாங்கிக்கொள்கிறவர்கள் யார் என்பதைக் கடன் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்த சோங்மின் அறிவான். கழுத்து வரை கடனில் நிற்கிறவர்கள். போதாததற்கு இந்த ஊரில் இன்னொரு வழக்கும் உண்டு. கஞ்சன் ஒருவன் திடீரென்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட்டால், அடுத்த மாதம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கப் போகிறான் என்று அர்த்தம். மான்சிக் ஏழு தடவை சோறு போட்ட செய்தி ஏற்கெனவே ஊரைச் சுற்றி வந்திருந்தது.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சோங்மின் போனான். அவன் குனிந்து அப்பாவின் காதில் பேசியதையும், கில்யோங்கின் சாப்பாட்டுக் குச்சி அந்தரத்தில் நின்றதையும் மான்சிக் பார்த்தார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டார். அதற்கேற்ப கில்யோங் விலாங்கின் வால் துண்டை எடுத்து மான்சிக்கின் தட்டில் வைத்தார். வால் துண்டு பிறந்தநாள்காரருக்கு உரியது. அதை அவர் மனைவிக்குக்கூட விட்டுக் கொடுத்ததில்லை.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை. தெம்பு வேணும்.”

மான்சிக் இரண்டு வாயில் சாப்பிட்டுவிட்டார்.

அதன் பிறகு பாட்டு, கோப்பை உயர்த்தல், குடும்பப் புகைப்படம். எல்லாரும் எழுந்திருக்கும் முன்பே மான்சிக் காலணி அடுக்குக்குப் போய்விட்டார். உள்தோலைத் தூக்கினார். கார்டு அங்கே இல்லை. நடந்து நடந்து அது விரல் நுனிப் பக்கமாகச் சறுக்கியிருந்தது. குனிந்து, கயிற்றைத் தளர்த்தி, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார்.

பின்னால் கில்யோங்கின் மனைவியின் குரல் கேட்டது. “பாருங்க, குனிஞ்சாச்சு. நான் சொல்லல? எழுபதாம் பிறந்தநாளானாலும் அந்தக் கயிறு அவுழாம இருக்காது.”

இருபத்தைந்து பேர் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண் கைப்பேசியில் படமும் எடுத்தாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பணம் கொடுப்பதற்காகக் குனிந்தார். அதை நம்ப அங்கே ஒரு ஜீவன் இல்லை.

கார்டு கையில் சிக்கியதும் ஒரு காலில் காலணியும் ஒரு காலில் காலுறையுமாகக் கல்லாவுக்கு ஓடினார். கல்லாவிலிருந்த பெண் தலையை ஆட்டினாள். பணம் எப்போதோ கட்டியாகிவிட்டதாம். பாட்டு நடக்கும்போதே பிறந்தநாள்காரர் கழிவறைக்குப் போகிறவர் மாதிரி வந்து, கொடுத்துவிட்டுப் போனாராம்.

மான்சிக் கார்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினார். கில்யோங் நின்றிருந்தார். சட்டையில் குத்திய பூவோடு, கண் கலங்கி, மிச்சமிருந்த அரிசிப் பணியாரத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி அவர் கையில் திணித்தார்.

“சாயங்காலம் கடையிலதான இருப்பீங்க மாப்பிள்ளை? அங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க.”

எழுபது வயதானால் மனது இளகிவிடும் போலிருக்கிறது என்று மான்சிக் நினைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் மூளை ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டியில் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. பல் மருத்துவர் சனிக்கிழமை பகலோடு பூட்டிவிடுவார். மின்சாதனக் கடை ஒன்றின் முன்னால் வண்டி தானாக மெதுவாயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் சோறு சமைக்கும் பானைகள் வரிசையாக நின்றன.

“வேணாம்,” என்றாள் யூசூன், முன்னால் பார்த்தபடியே. “வீட்ல நல்ல பானை இருக்கு. நேரா கடைக்கு விடுங்க.”

கடைக்குள் நுழைந்ததும் அவள் நல்ல கோட்டைக் கழற்றி மாட்டி, ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். ஊர் முழுக்கக் குளிர்காலக் கிம்ச்சி போடுகிற வாரம் இது. கை நோவுகிறவர்களும், தனியாக இருக்கிறவர்களும் யூசூனிடம்தான் சொல்லி வைப்பார்கள். முள்ளங்கியை மெல்லிய குச்சிகளாக நறுக்கத் தொடங்கினாள். அரை முள்ளங்கி முடிந்ததும் சொன்னாள்:

“அந்தக் கார்ட வெளிய எடுங்க. அது மேலயே நடந்தா ஒடஞ்சிடும்.”

மான்சிக் மிளகாய்ப்பொடிச் சட்டியைக் கீழே வைத்தார்.

அக்டோபரில் முதல் மழை பெய்த அன்று, நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணிக்கப் போனபோதே அவள் பார்த்துவிட்டாளாம். கத்தரிக்கோலை எடுக்கத்தான் போயிருக்கிறாள். ஆனால் காலணிக்குள் ஒளித்து வைக்கிற அளவுக்கு என்ன செலவு என்று தெரிந்துகொண்டு வெட்டலாம் என்று பொறுத்திருக்கிறாள். ஒரு புதன்கிழமை பின்னாலேயே போயும் பார்த்திருக்கிறாள்.

“வேற பொம்பளையா இருந்திருந்தாக்கூட ஒரு மாதிரி புரிஞ்சிருக்கும். நாலு கெழவனுங்களுக்கு எலும்பு சூப்பு வாங்கிக் குடுத்துட்டு, முதுகுல தட்டு வாங்கிட்டு நிக்கிறீங்க. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு.”

இனி மறைக்க ஒன்றுமில்லை. சப்போரோவைச் சொன்னார். பிப்ரவரியைச் சொன்னார். ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைச் சொன்னார். பராமரிப்புக் கட்டணத்தைக்கூடச் சொன்னார்.

யூசூனின் கத்தி நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவாயிற்று.

“போமி அப்பா, சூப்புக்கும் பன்றிக்கறிக்கும் குடுத்த காசுக்கு நேரா ரெண்டு டிக்கெட்டே வாங்கியிருக்கலாம். தெரியுதா?”

“மூணாவது தடவையே தெரிஞ்சிடுச்சு. அப்புறம் விட்டா அதுவும் வீணாச்சேன்னுதான்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. ஒரு மாதமாக வீட்டுப் பால்கனியில் பழக்கூடையும் எள்ளெண்ணெய்ப் புட்டியும் இருபது கிலோ அரிசியும் வந்து குவிகிறதே, யாருக்கு நாம் என்ன செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டாளாம். சூப்புக் குடித்தவர்களின் பதில் மரியாதை அது. வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிற ஊரா இது?

“அங்க பனி எவ்வளவு உயரம் விழும்?” என்று கேட்டாள்.

“ஆள் உயரம்னு போமி சொன்னா.”

“அப்ப என்கிட்ட இருக்கற பூட்சு பத்தாது.”

மான்சிக் அவளையே பார்த்தார். கடையை மூன்று நாள் மூடினால் போதும் என்று மெதுவாகச் சொன்னார்.

“நாலு நாள். மூணு நாளுக்காக எவன் கடல் தாண்டுவான்.”

ஆனால் சீட்டு இன்னும் கையில் இல்லையே. மணி நாலரை. அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே நேரம், கடை வாசலில் ஒரு பாரவண்டி பின்னோக்கி வந்து நின்றது. கோஸ்காரர். உப்பில் ஊறவைத்த நீளக் கோஸ், பெட்டி நாற்பத்திரண்டாயிரம் வோன், பதினாறு பெட்டி. வருடா வருடம் வருகிறவர். வருடா வருடம் யூசூன் கணக்குப் பார்த்து, வங்கி வழியாகப் பணம் அனுப்புவாள்.

இந்தத் தடவை அவள் கணவனிடம் கையை நீட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை.

“கார்டு,” என்றாள். “பதினாறு பெட்டி. ஆறு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.”

கார்டு வாங்குகிற மெஷின் கோஸ்காரரிடம் இருந்தது. வண்டி இருக்கைக்கு அடியில், கோஸ் இலையும் மண்ணும் அப்பி. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். உயிர் இல்லை. கடை மின்சாரத்தில் செருகிக் கால்மணி நேரம் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள், குஞ்சு பொரிக்கிற முட்டையைச் சுற்றி நிற்பது போல. பச்சை விளக்கு எரிந்தது. யூசூன் கார்டை ஏப்ரனில் துடைத்துச் செருகினாள். மெஷின் யோசித்தது. பிறகு துண்டுச்சீட்டைத் துப்பியது.

மான்சிக்கின் கைப்பேசி மணியடித்தது. மொத்தம் முப்பது லட்சத்து அறுபதாயிரம். வாழ்த்துகள் என்று ஒரு கொக்குப் படமும் போட்டிருந்தது.

அவர் பதினாறு பெட்டிகளையும் பார்த்தார், மூலையிலிருந்த உப்பு இறால் ஜாடிகளைப் பார்த்தார், பூண்டு மூட்டைகளைப் பார்த்தார். ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அவர் தலையில் ஏறியது.

“போமி அம்மா, கடைக்கு மாசத்துக்கு எவ்வளவுக்குச் சரக்கு எடுக்கறோம்?”

“இந்த மாதிரி மாசமா? முப்பது லட்சத்துக்குக் கொறையாது.” அவள் ஒரு பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். “வெண்ணெய கையில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அக்டோபர்லயே முடிஞ்சிருக்கும். சூப்பும் மிச்சம்.”

கோஸ்காரர் முதலில் சிரித்தார். பிறகு யூசூன். கடைசியில் மான்சிக்கும், பெட்டியைப் பிடித்தபடி, வயிறு குலுங்கச் சிரித்தார்.

கோஸ்காரர் போன பிறகு இருவரும் பெரிய தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மசாலா தடவத் தொடங்கினார்கள். கார்டை மான்சிக் பழக்கதோஷத்தில் மறுபடி காலணிக்குள்ளேயே வைத்திருந்தார். யூசூன் பிப்ரவரியில் எந்தக் கிழமை விலை மலிவு என்று கேட்டாள். மைலுக்குக் கிழமை கிடையாது என்று அவர் பெருமையாக விளக்கினார். அவள் ஒரு கோஸ் இலையைக் கிழித்துச் சுருட்டி அவர் வாயில் திணித்தாள்.

அப்போது கடைக் கதவு திறந்தது. கில்யோங்.

காலையில் குத்திய பூ சட்டையில் வாடிப்போயிருந்தது. கக்கத்தில் பழுப்பு உறை. அவர் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மேசையைக் கையால் துடைத்து, உறையை வைத்து, பைக்குள்ளிருந்து ஒரு பட்டுச் சுருக்குப் பையை எடுத்தார். அதிலிருந்து, கையெழுத்துக்குப் பதில் குத்துகிற, ஊராட்சியில் பதிந்த தன் முத்திரைக் கட்டையையும், சிவப்பு மைச் சிமிழையும் எடுத்து உறையின் மேல் நிறுத்தினார். உறைக்குள் அவருடைய வீட்டுப் பத்திரம்.

“சோங்மின் எல்லாம் சொன்னான். நான் யாருக்கும் ஜாமீன் போட்டதில்ல. எங்கப்பா சாகறப்ப போடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “தொகைய மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை.”

யூசூன் அண்ணனையும் முத்திரையையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் கோஸ் பெட்டியின் மேல் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. போமி. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. மான்சிக்கின் இரண்டு கையும் முழங்கை வரை சிவந்திருந்தன. யூசூன்தான் கையுறையைக் கழற்றிவிட்டு அதை எடுத்தாள். “என்னது?” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “யாரு அந்தப் பையன்?” என்று கேட்டுக்கொண்டே பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆண்கள் இருவரும் தனியாக நின்றார்கள்.

மான்சிக் எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தார். கொக்கு, சப்போரோ, சூப்பு, கோஸ். வாயால் சொன்னால் நம்பமாட்டார்; கார்டைக் காட்டிவிடுவதுதான் வழி. கையைத் துடைத்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, வலது காலணியின் கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினார்.

கில்யோங் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“அவசரமில்ல மாப்பிள்ளை,” என்றார். “மெதுவாக் கட்டுங்க. நான் குடுக்கத்தான் வந்திருக்கேன்.”